தீவனத் தூசி

சௌந்திரத்துக்கு இளைப்பு நோய் இருக்கும் விஷயம் உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு, அவளைப் பெற்றவளுக்கு, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி வைத்திருந்த அண்ணன் சுப்பையனுக்கு. பெற்றவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மூன்றும் இரண்டாகிவிட்டது என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட உண்டு. பெற்ற தாய் செத்ததில் நிம்மதி தேடுகிற அளவுக்கு ஒரு பெண்ணை ஒரு இருமல் கொண்டுபோய் விடும் என்றால் நம்பமாட்டீர்கள். ஆனால் விட்டது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லா அம்மாக்களும் சொல்கிற புத்திமதிகளைச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அங்க போயி ஒரு நாளும் அவிய முன்னால இருமீராத, அம்மிணி. பொண்ணு சீக்காளின்னு பேராச்சுன்னா உன்னையும் வெச்சுக்க மாட்டாங்க, உங்கண்ணனுக்கும் பொண்ணுக் குடுக்க மாட்டாங்க."

நாமக்கல் பக்கத்தில் விவசாயக் காட்டுக்குள் தனி வீடு. மாப்பிள்ளை நாச்சிமுத்து. தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். குரலை உயர்த்த மாட்டார், கையை ஓங்க மாட்டார். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷனிடம் சொல்லியிருக்கலாமே என்று நாம் சொல்வோம். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சொல்வதற்கென்று வந்த முதல் நாளைத் தாண்டிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு நாளும் "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை" என்கிற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். மார்கழிப் பனியில் நெஞ்சு அடைக்கும்போது அவள் சத்தமில்லாமல் எழுந்து மாடு கட்டியிருக்கும் கட்டுத்தரைக்குப் போவாள். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு தீனித்தொட்டியில் கையூன்றி நிற்பாள். மூச்சு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்துக்கொள்வாள். மாத்திரை அண்ணன் கொண்டுவருவான். தைப் பொங்கல் நோம்பிச் சீரில் முறுக்குக்கு அடியில் ஒரு தகர டப்பா இருக்கும். அதைக் கட்டுத்தரைச் சுவரில் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் உள்ள பொந்தில் வைத்துக்கொள்வாள். ஒருநாளும் புகுந்த வீட்டார் முன்னால் இருமினதில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. சில பெண்களுக்கு நகையில் பெருமை, சிலருக்குச் சமையலில். இவளுக்கு இது.

அப்புறம் பஞ்சம் வந்தது. கிணறு வற்றி, அண்ணனே லாரியைக் கொண்டுவந்து போர் போட்டுப் பார்த்தும் வெள்ளைப் புழுதிதான் மேலே வந்தது. ஊரில் நாலு பேர் கோழிப்பண்ணை போட்டபோது நாச்சிமுத்துவும் போட்டார். மக்காச்சோளமும் தவிடும் கருவாட்டுத் தூளும் சேர்த்து வீட்டுக்குப் பக்கத்திலேயே மில் வைத்துத் தீவனம் அரைத்தார்கள். அந்தத் தூசி எழும்பினால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. இளைப்புக்காரிக்கு அது எமன். ஆனால் சௌந்திரம் அந்த மில்லைக் கும்பிட்டாள். ஏனென்றால் பண்ணையில் எல்லோரும் இருமினார்கள். நாச்சிமுத்து இருமினார், வேலைக்கு வந்த நல்லம்மாள் இருமினாள், தீவன மூட்டை இறக்க வந்தவன் இருமினான். கல்யாணமாகி வந்து அத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சௌந்திரம் பட்டப்பகலில், வாசலில் நின்று, வாய்விட்டு இருமினாள். யாராவது திரும்பிப் பார்த்தால் "தீவனத் தூசி" என்பாள். அவர்களும் "ஆமா, தூசி" என்பார்கள்.

பண்ணையில் அவளுடைய வேலை முட்டை பார்ப்பது. இருட்டறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் பல்பு எரியும். பெட்டியில் ஒரு ஓட்டை. முட்டையை அந்த ஓட்டையில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் உள்ளே விரிசல் இருக்கிறதா, ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கை அது பாட்டுக்குப் போகும், கண் அது பாட்டுக்குப் போகும். அந்த அறையில் தூசி கிடையாது, மாமியார் நாத்தனார் கிடையாது, மறைக்க வேண்டியது ஒன்றும் கிடையாது. அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அவள் பாட்டுப் பாடுவாள்.

மகள் வசந்தாமணிக்குப் பதினான்கு வயதில் இளைப்பு ஆரம்பித்தது. சௌந்திரம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவில்லை. தன் தாய் செய்ததையே செய்தாள். மகளைத் தீவன மூட்டை அடுக்கியிருக்கும் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், முந்தானையை எப்படிச் சுருட்டுவது, எங்கே கையூன்றுவது என்று காட்டிக்கொடுத்தாள். பெண் கெட்டிக்காரி, ஒரே நாளில் பிடித்துக்கொண்டது.

மகளை மறைக்கத் தனிக் காரணமும் இருந்தது. நாச்சிமுத்துவின் அக்கா பாப்பாயியை நாமகிரிப்பேட்டையில் கொடுத்திருந்தது. மஞ்சள் காடு, மாடி வீடு, ஒரே பையன். வசந்தாமணிக்கு முறை மாப்பிள்ளை. பிறந்ததிலிருந்தே பேச்சு. பாப்பாயி வாயாடி, ஆனால் ஒட்டுதலானவள். வரும்போதெல்லாம் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு, "என்ற ஊட்டு மகாலட்சுமி" என்று திருஷ்டி கழிப்பாள். அந்தத் திருஷ்டிக்குத்தான் சௌந்திரம் பயந்தாள். சீக்காளி வயிற்றில் பிறந்தது சீக்காளி என்று ஒரு பேச்சு வந்தால் மாடி வீடும் போச்சு, மகாலட்சுமியும் போச்சு.

எண்பத்தேழாம் வருஷம் ஆடியில் அவளுக்கு வலது மூக்கு அடைத்துக்கொண்டது. சளி என்று கஷாயம் குடித்தாள். மூக்கில் ரத்தம் வந்தது. சூடு என்று எண்ணெய் வைத்துக்கொண்டாள். கன்னம் வீங்கி, வலது கண் கொஞ்சம் வெளியே தள்ளினாற்போல ஆனபோதுதான் நாச்சிமுத்து அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். அஸ்தம்பட்டியில் மூக்கு டாக்டர் கந்தவேல். அவர் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, பதில் வந்ததும் நாச்சிமுத்துவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த நாச்சிமுத்து மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "மூக்குக்குள்ள சதை வளர்ந்திருக்குதாம். கோயமுத்தூர்ல கரண்ட் வெச்சாக் கரைஞ்சுருமாம்" என்றார்.

கரண்ட் எதற்கு வைப்பார்கள் என்று தெரியாத ஆளா அவள்? பக்கத்துக் காட்டுச் சின்னாயிக்குப் புற்றுநோய் என்று கரண்ட் வைத்துத்தான் நாலு மாசம் கழித்துக் கொண்டுபோய் எரித்தார்கள். ஆனாலும், "சதைதானுங்களா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்றாள். அவர் சொல்லாததை அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் அன்பு என்றால் அதுதான்.

கோயமுத்தூருக்குப் பாப்பாயியும் வந்தாள். "தம்பி ஒருத்தன் அங்க போயி முழிச்சுட்டு நிப்பான்" என்று பெட்டி படுக்கையோடு வந்து பஸ் ஏறிவிட்டாள். கரண்ட் வைக்கிற டாக்டர் சாரதாமணி சேலத்துக்காரம்மா. கந்தவேல் டாக்டருக்கு வேண்டியவர். நல்ல பெண்மணி. நோயாளியிடமே நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இருந்தது.

"அம்மா, மூக்குக்குப் பக்கத்து எலும்புக்குள்ள கட்டி இருக்கு. அதைச் சுத்திச் சளியும் அடைச்சுட்டு இருக்கு. சும்மா படம் எடுத்தா ரெண்டும் ஒரே சாம்பல் நிறமாத் தெரியும். எது கட்டி, எது சளின்னு சொல்ல முடியாது. கையில ஒரு மருந்து ஏத்திட்டு ஸ்கேன் எடுத்தா, கட்டி மட்டும் அதை வாங்கிட்டு வெளுப்பாத் தெரியும். அது கண்ணுக்கு எவ்வளவு கிட்டத்துல முடியுதுன்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா, கண்ணு மேல படாம ஈயக்கட்டி வெச்சு மறைச்சுட்டுக் கரண்ட் வைப்பேன். தெரியலைன்னா கண்ணையும் சேர்த்துத்தான் வைக்கணும். அப்புறம் அந்தக் கண்ணு நிக்காது."

சௌந்திரத்துக்கு அது உடனே புரிந்தது. முட்டைக்குப் பின்னால் பல்பு வைக்கிற வேலைதானே. "அப்பிடீன்னா அந்த மருந்தையே ஏத்தீருங்க டாக்டரம்மா. எனக்குக் கண்ணு வேணுமுங்க. கண்ணுலதான் என்ற வேலையே" என்றாள். சாரதாமணி சிரித்து அவள் தோளைத் தட்டினார். நோயாளி இப்படித் தெளிவாகப் பேசினால் எந்த டாக்டருக்குத்தான் பிடிக்காது?

ஸ்கேன் எடுக்கிற இடம் வேறொரு தெருவில். புதிதாகத் திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சினிமாக் கொட்டகை போலக் குளிர். கண்ணாடிக்கு அப்பால் கிணற்று உறை மாதிரி ஒரு பெரிய வளையம். அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேள்விகளை அடுக்கினார். சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? சர்க்கரை உண்டா? முழுகாம இருக்கீங்களா? அதற்குப் பாப்பாயி, "இந்த வயசிலயா? மகளுக்குத் தையில கல்யாணம் பேசப் போறமுங்க" என்று பெரிதாகச் சிரித்தாள்.

"இளைப்பு, ஆஸ்துமா அந்த மாதிரி ஏதாவது?"

சௌந்திரம் நிமிர்ந்தாள். எதற்காகக் கேட்கிறார் என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. பேர் என்ன, வயசு என்ன என்பதைப் போல அதுவும் ஒரு கேள்வி என்றுதான் அவள் நினைத்தாள். இந்தப் பக்கம் நாத்தனார். அந்தப் பக்கம் புருஷன். நடுவில் தையில் பேசப்போகிற கல்யாணம். அவள் வாயைத் திறப்பதற்குள் பாப்பாயி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் எங்க பக்கம் யாருக்குமே இல்லீங்க. கோழிப்பண்ணையில தீவனத் தூசி. எப்பவாச்சும் இருமும். நாங்க அத்தன பேரும்தான் இருமறோம்."

டாக்டர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"இல்லீங்க" என்றாள் சௌந்திரம். "தூசிதானுங்க."

ஊசி ஏறினதும் உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றினது போலச் சூடு பரவியது. நாக்கில் இரும்புச் சுவை. அதெல்லாம் வரும், பயப்படாதீங்க என்று சொல்லியிருந்தார்கள், அவள் பயப்படவில்லை. அப்புறம் உள்ளங்கை அரித்தது. கழுத்து அரித்தது. தொண்டைக்குள் யாரோ கையை விட்டு முறுக்கினார்கள். அவளுக்குத் தெரிந்த பழைய விருந்தாளிதான், ஆனால் இந்த வேகத்தில் அது ஒருநாளும் வந்ததில்லை. வாயில் திணிக்க முந்தானையைத் தேடினாள். முந்தானை இல்லை, ஆஸ்பத்திரி அங்கிதான் இருந்தது. சாகப்போகிற நேரத்திலும் கை முந்தானையைத் தேடியது. அவள் நெஞ்சு கதவு கிரீச்சிடுவதைப் போலக் கத்தியது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். தொடையில் ஊசி, கையில் ஊசி, மூக்கில் ஆக்ஸிஜன்.

பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் முதலில் பட்டது வாசலில் நின்ற பாப்பாயியின் முகம். போச்சு, எல்லாம் போச்சு, நெஞ்சு இளைத்ததைக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தாள் சௌந்திரம். பாப்பாயி அருகே வந்து, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பாழாப்போன மருந்து ஒத்துக்கல. நல்லா இருந்த புள்ளைய இப்பிடிப் பண்ணிப் போட்டாங்களே!"

சௌந்திரத்துக்கு உயிர் வந்தது. ஊசி கொடுத்த உயிரைவிட இது பெரிதாக இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மானம் தப்பியது, மகள் கல்யாணம் தப்பியது. பழனி முருகனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

அந்தக் கும்பிடு சாயந்தரம் வரைக்கும்தான் தாங்கியது. சாரதாமணி டாக்டர் ஓடிவந்து நாடி பார்த்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "இதுக்கு முன்னாடி உங்களுக்கு மூச்சு இளைச்சதே கிடையாதா?" என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் மூன்று பேரும் இல்லை என்றார்கள். டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"அப்ப இது உங்க கெட்ட நேரம்னுதான் சொல்லணும். இளைப்பு இருக்கறவங்களுக்கே நாங்க இந்த மருந்து கொடுக்கறதுண்டு. முந்தின நாள்லருந்து மாத்திரை கொடுத்து, டாக்டரைப் பக்கத்துல வெச்சுட்டு, மெல்ல மெல்ல ஏத்துவோம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாம இப்படி ஆயிருக்கு. இனிமே உங்க உடம்புல அந்த மருந்தை ஏத்த நான் துணிய மாட்டேன். படம் இல்லாமத்தான் கரண்ட் வைக்கணும். கட்டி எங்கே முடியுதுன்னு தெரியாததால கொஞ்சம் தாராளமா, கண்ணையும் சேர்த்து வைக்கறேன். உயிர் பெருசில்லையா?"

மாத்திரை. முந்தின நாள் ஒரு மாத்திரை. சௌந்திரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இப்போது சொன்னால் என்ன பிரயோஜனம்? அந்த மருந்தை இனி ஏற்றப்போவதில்லை, கல்யாணம்தான் போகும். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நாச்சிமுத்து அன்று சாப்பிடவில்லை. பாப்பாயி மட்டும் வார்டு முழுக்க அந்த மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்டு எதிர்க்கட்டிலில் இருந்த ஒரு கிழவர், தனக்கும் அந்த ஊசி வேண்டாம் என்று அடம்பிடித்து ஊருக்குப் போய்விட்டார். அவர் கதி என்ன ஆனதோ.

முகத்தில் ஊதா மையால் கட்டம் போட்டார்கள். அந்தக் கட்டத்துக்குள் அவளுடைய வலது கண் இருந்தது. இடது கண்ணின் ஓரமும் கொஞ்சம் இருந்தது. ஐப்பசி முழுக்கவும் கார்த்திகையில் பாதியும் தினம் அந்த மேஜையில் படுத்து எழுந்தாள். கட்டி கரைந்தது. அதில் பொய்யில்லை. டாக்டரம்மா சொன்னதைச் செய்தார். அவர் சொன்ன மற்றதும் நடந்தது. அடுத்த ஆடிக்குள் வலது கண் சிவந்து, வறண்டு, வெந்த முட்டை போல வெளுத்தது. இடது கண்ணில் எப்போதும் அடுப்புப் புகை சூழ்ந்தது மாதிரி இருந்தது. ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. இருட்டறையில் போய் உட்கார்ந்து பழக்கத்தில் முட்டையை எடுத்து ஓட்டையில் வைப்பாள். வெளிச்சம் மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் தெரியாது. இரண்டு தடவை விரிசல் முட்டையை நல்ல அட்டையில் அடுக்கிவிட்டாள். அதன் பிறகு நாச்சிமுத்துவே அந்த வேலையைப் பார்த்தார். "நீ சும்மா உக்காரு" என்றார். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாட்டு நின்றுபோயிற்று.

மகளின் நிச்சயம் அவளால் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்த வருஷம் முடிந்து வந்த தை நோம்பிக்கு அண்ணன் சுப்பையன் சீர் கொண்டுவந்தான். முறுக்குக்கு அடியில் வழக்கம்போல டப்பா. அவன் போனதும் அவள் அதை மடியில் மறைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் கட்டுத்தரைக்குப் போனாள். மாடு ஒன்று தலையை ஆட்டியதில் கை தடுமாறி டப்பா விழுந்தது. மூடி திறந்து மாத்திரை எல்லாம் சிதறும் சத்தம் கேட்டது. குனிந்து தரையெல்லாம் துழாவினாள். சாணிதான் கையில் வந்தது. அப்போது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவது தெரிந்தது. பீடி வாசனை. நாச்சிமுத்து.

அவள் சாணிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என்ன மாத்திரை என்று கேட்டால் என்ன சொல்வது? தலைவலி என்று சொல்லலாம். அவர் பொறுக்கி முடித்து, ஊதி, டப்பாவில் போட்டு மூடினார். எழுந்து நாலு எட்டு நடந்தார். மண்ணெண்ணெய் டின் நகரும் சத்தம் கேட்டது. பொந்தில் டப்பா உட்காரும் சத்தம் கேட்டது. டின் திரும்ப நகரும் சத்தம் கேட்டது.

அந்த இடத்தை அவள் எந்த ஜீவனுக்கும் சொன்னதில்லை.

"ஏனுங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

நாச்சிமுத்து திரும்பி வந்தார். "நீ வந்த வருஷமே தெரியும். நீ இருமறதை அக்காதான் மொதல்ல கேட்டுச்சு. மார்கழியில ஊட்டுக்கு வந்திருந்தப்ப. என்கிட்ட வந்து, 'பாவம் புள்ள, நாம கேட்டாச் சங்கடப்படும், தெரியாத மாதிரியே இருந்துக்க'ன்னு சொல்லுச்சு. நானும் இருந்துக்கிட்டேன்."

"நங்கைக்கும் தெரியுமா?" நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ம்."

"நான் இத்தன வருசமாப் பனியில இங்க வந்து நின்னது?"

"தெரியும். மாத்திரை தீந்து போயிருச்சான்னு அப்பப்ப டப்பாவைத் தொறந்து பாப்பேன். தீந்து போனா உங்கண்ணனுக்குத் தாக்கல் சொல்லி விடுவேன். உங்க தங்கச்சி நல்லாருக்கறா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கன்னு."

இதையெல்லாம் கேட்டால் கண்ணீர் வரவேண்டும். எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பாசம் என்று அவள் அவர் காலில் விழவேண்டும். சௌந்திரத்துக்கு எரிச்சல்தான் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அன்னிக்கு அந்த டாக்டர் கேட்டாரே, அப்பவும் தெரியுமுங்களா?"

நாச்சிமுத்து மாட்டின் கழுத்தைத் தடவினார்.

"சொல்லுங்க. காலண்டர்ல என்ன பாத்தீங்க?"

"நீயே இல்லைங்கறே. அக்கா இல்லைங்குது. அத்தன பேரு முன்னால எம்பொண்டாட்டி பொய் சொல்றான்னு நான் எப்பிடிச் சொல்றது? ஊசிக்கு அதெல்லாம் சேராதுன்னு எனக்கு என்ன தெரியும் சௌந்திரம்? தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க" என்றாள் அவள். "டாக்டரம்மா சாயந்தரம் மறுக்காக் கேட்டாங்களே. அப்பவும் மூணு பேரும் இல்லைன்னமே. மூணு பேருக்கும் தெரிஞ்ச ஒண்ணை, தெரியாத ஒரு பொம்பளைகிட்ட ஒளிச்சு என்ற கண்ணைக் குடுத்துட்டு வந்திருக்கறோம். யாரு மானத்தைக் காப்பாத்துனீங்க? என்றதையா, உங்களதையா?"

அவர் "முட்டை வண்டி வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாசக் கடைசியில் நிச்சயம் வைத்தார்கள். நாமகிரிப்பேட்டையிலிருந்து சொந்தபந்தமான ஒறம்பரைகள் ஒரு வேன் நிறைய வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். விருந்தாளிகளுக்குத் தும்மல் வரக்கூடாது என்று நாச்சிமுத்து இரண்டு நாள் முன்பே மில்லை நிறுத்தி, வாசலெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியில்லாமல் வைத்திருந்தார். வீட்டுக்குள் பூவும் ஊதுபத்தியும் ஜவ்வாதும் மணத்தன. சௌந்திரத்தை உள்ளே ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள். "ஊசி போட்டுக் கெடுத்துட்டாங்க பாருங்க" என்று பாப்பாயி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சௌந்திரம் அவள் குரல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாயி மட்டும் அவள் முன்னால் வந்து நிற்கவில்லை.

தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் அவள் காதில் அது விழுந்தது. சமையல்கட்டுப் பக்கம் ஒரு சின்ன இருமல். இன்னொன்று. ஊதுபத்திப் புகை பெண்ணுக்குச் சேரவில்லை. பிறகு கொலுசு சத்தம் வேகமாகப் பின்வாசல் வழியாகத் தீவனக் கொட்டகைப் பக்கம் போனது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. பேச்சு ஒரு நொடி நின்றதிலேயே அவளுக்கு அது தெரிந்தது.

"தீவனத் தூசி" என்றாள் பாப்பாயி. "பண்ணைன்னா அப்பிடித்தான்."

"ஆமாமா, தூசி" என்றார் ஒரு பெரியவர். தண்ணீர் தெளித்த வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

சௌந்திரம் நாற்காலியை விட்டு எழுந்தாள். "மில்லை நிறுத்தி ரெண்டு நாளாச்சு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "தூசி இல்லீங்க. எம்மகளுக்கு இளைப்பு. எனக்கும் இளைப்பு. நங்கைக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க."

யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். நாச்சிமுத்து, "அவளுக்கு வைத்தியம் பண்ணுனதுலருந்து கொஞ்சம் இப்பிடி..." என்று இழுத்தார். பாப்பாயி, "காப்பி ஆறிப் போவுது, எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்றாள். டம்ளர்கள் எழும்பின. தாம்பூலம் மாறியது. அவள் சொன்ன வார்த்தையை அத்தனை பேரும் சேர்ந்து காப்பியோடு விழுங்கிவிட்டார்கள்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் இறங்கினாள். வழி காட்ட யாரும் தேவையில்லை. மகளுக்கு அந்த இடத்தைக் காட்டியவளே அவள்தானே. மூட்டைகளுக்குப் பின்னால் மூச்சு விசிலடிக்கும் சத்தம் கேட்டது. கையை நீட்டித் தொட்டாள். பட்டுச்சேலை முந்தானை, சுருட்டி, வாயில்.

"எடு கண்ணு. துணிய எடு. ஊட்டுக்குள்ள வா, அங்க வந்து இருமு."

வசந்தாமணி பதறிப்போய்த் தாயின் வாயைப் பொத்தினாள். "மெல்லப் பேசுங்கம்மா. அவியளுக்குத் தெரிஞ்சுரப் போவுது."

சௌந்திரம் அந்தக் கையை விலக்கினாள். "தெரியுஞ் சாமி. உங்கத்தைக்குத் தெரியும், உங்கப்பனுக்குத் தெரியும். இப்ப நானே எல்லார்த்துக்கும் சொல்லிப்போட்டேன்."

"ஐயோ, எதுக்கும்மா சொன்னீங்க?" பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. பிறகு உள்ளே வெற்றிலைத் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்க, கொஞ்சம் தெளிந்தாள். "அவிய நம்பியிருக்க மாட்டாங்க. நான் ஒருநாளும் அத்தை முன்னால இருமுனதே இல்லீங்களே." மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாலும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. சௌந்திரத்துக்கு அது தெரிந்த பெருமைதான்.

"நாளைக்கு ஒரு டாக்டர் கேட்டா என்ன சொல்லுவே?"

வசந்தாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாயின் கண்ணோரத்தையும் அதே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கம்மா. நீங்க பயப்படாதீங்க."